மீன் தலை எந்தப் பக்கம்

அந்தக் குடியிருப்புக்குப் புதிதாக வாடகைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே அவளைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்பார்கள்: “அக்கா, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க? எங்களுக்கு அரைக் கிலோ எடுத்து வைங்க.” எல்லாரும் மீனக்கா, மீனக்கா என்று கூப்பிட்டால் அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்? அவள் பக்கத்தில் வரும்போது மூக்கை உறிஞ்சிப் பார்த்தவர்களும் உண்டு. வந்தது கிரீஸ் வாசனை.

மீனக்கா மீன் விற்பதில்லை, மாட்டுகிறாள். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை இழுக்கும் செயின் இருக்கிறதல்லவா, அதை வண்டியில் சுற்றிப் போட்ட பிறகு இரண்டு முனைகளையும் சேர்க்க ஒரு சின்னக் கண்ணி வேண்டும். அதற்கு லாக் என்று பெயர். இரண்டு ஊசி, அவற்றின் மேல் ஒரு தகடு, அந்தத் தகடு கழன்று வராமலிருக்க மேலே ஒரு கிளிப். அந்தக் கிளிப் அசல் மீன் மாதிரியே இருக்கும். ஒரு பக்கம் உருண்டைத் தலை, இன்னொரு பக்கம் பிளந்த வால். கைந்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கீழே விழுந்தால் தேடி எடுப்பதற்குள் கண் பூத்துவிடும்.

அவள் வேலை செய்தது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வண்டிக் கொட்டகையில். ஊரெங்கும் உள்ள சின்ன மருத்துவமனைகளில் எடுத்த ரத்தக் குழாய்களை ரைடர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். மொத்தம் இருபத்திரண்டு வண்டிகள். அத்தனைக்கும் பிரேக், டயர், செயின் எல்லாம் அவள் பொறுப்பு.

இந்த வேலைக்கு அவள் வந்தது ஒரு சண்டையில். அதற்கு முன்பு ஒரு துணி ஆலையில் தையல் இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தாள். ஆலை மூடப்பட்டது. அவள் கணவன் அப்போதே இங்கே ரைடர். வாரம் ஒருமுறை செயின் கழன்று, சட்டையெல்லாம் கறையாக வீட்டுக்கு வருவான். துவைப்பது அவள். மூன்றாவது சட்டை வீணான அன்று நேராகக் கொட்டகைக்குப் போனாள். “செயின் மாட்டத் தெரியாதவங்களை எதுக்கு வச்சிருக்கீங்க?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள். “தெரிஞ்சவங்க இருந்தா மாட்டிக் காட்டுங்க” என்றார் அவர், பேச்சுக்கு. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தாள். எட்டு வருடம் ஆகிவிட்டது.

மேற்பார்வையாளருக்குக் கொட்டகையில் கையெழுத்து சார் என்று பெயர். துடைக்கிற துணி கேட்டால்கூட ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்காமல் தரமாட்டார். ரைடர்களுக்கெல்லாம் அவள் அக்கா என்பதால், அவள் கணவன் எல்லாருக்கும் மச்சான் ஆகிவிட்டான். அவனைவிடப் பத்து வயது மூத்தவர்கூட “மச்சான், பெட்டியை எடுங்க” என்பார். அவனுக்கு அதில் கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பெருமை.

எட்டு வருடத்தில் அவள் மாட்டிய லாக் ஒன்றுகூடக் கழன்றதில்லை. அதற்கு அவள் வைத்திருந்த சட்டம் இரண்டே வார்த்தை: தலை முன்னால. கிளிப்பின் வால் பக்கம்தான் திறந்த பக்கம். செயின் ஓடும்போது திறந்த பக்கம் முதலில் போனால், எதிலாவது உரசி, கிளிப் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கழன்றுவிடும். அதனால் மீன் தலை முன்னால் நீந்த வேண்டும். மாட்டி முடித்ததும் விரலால் ஒரு தட்டு தட்டி “நீந்துடா” என்பாள்.

ரைடர்களில் ஒருவனுக்குச் சந்தேகம் என்றே பெயர். அவன் ஒருமுறை கேட்டான்: “அக்கா, பெரிய வண்டிக்கெல்லாம் ஊசி முனையை நசுக்கி அடிச்ச லாக்குதான் போடுறாங்களாமே. கிளிப் லாக்கை நம்ப முடியாதுன்னு சொல்றாங்க.”

“இழுக்கிறது கிளிப் இல்லடா, ஊசி. கிளிப்பு கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. ஒழுங்கா போட்டா ஏன் திறக்குது? அடிச்ச லாக்கையும் அரைகுறையா அடிச்சா கழண்டுதான் போகும்.”

“அப்ப கையிலதான் இருக்கா?”

“கையிலதான் இருக்கு. உன் வண்டி என் கையில. நீ போய் டீயைக் குடி.”

இப்படித்தான் அவள் பேர் வளர்ந்தது. மீனக்கா போட்ட லாக் என்றால் அதற்கு மேல் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அவளும்கூட.

நான்கு மாதங்களுக்கு முன்பு வேறொரு கிளையிலிருந்து ஒன்பது வண்டிகள் வந்தன. பழைய வண்டிகளில் செயின் திறந்தே கிடக்கும். இந்த ஒன்பதிலும் செயின் முழுக்க மூடியிருந்தது. மேல்பாதி ஒரு மூடி, கீழ்ப்பாதி ஒரு மூடி. மழைக்கும் மண்ணுக்கும் நல்லதுதான். ஆனால் ரத்தப் பெட்டி வைக்கும் கம்பிச் சட்டத்தின் போல்ட் மேல்மூடி வழியாகப் போயிற்று. மேல்மூடியைக் கழற்ற வேண்டுமென்றால் சட்டத்தையே கழற்ற வேண்டும். அரை நாள் வேலை. செயின்களோ தேய்ந்து போயிருந்தன. ஒன்பதையும் மாற்றியாக வேண்டும். மீனக்கா கீழ்மூடியை மட்டும் கழற்றினாள். பழைய செயினின் வாலில் புதிய செயினைக் கட்டி இழுத்து, கீழேயே இரண்டு முனைகளையும் சேர்த்து லாக் போட்டாள். மீன் தலை வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தது. விரலால் தட்டி “நீந்துடா” என்றாள். ஒன்பது வண்டியிலும் அப்படியே. செயின் தொங்குகிறதா என்று பார்க்கக் கீழ்மூடியில் ஒரு ரப்பர் அடைப்பு வைத்த ஓட்டை இருந்தது. மாதம் ஒருமுறை அதன் வழியாகப் பார்ப்பாள். தலை முன்னால்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் கணவன் மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது செயின் கழன்றது. கழன்ற செயின் எஞ்சின் பக்கப் பல்சக்கரத்தில் போய்ச் சுருண்டு, எஞ்சின் மூடியை உடைத்து, பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது. வண்டி படுத்தபடியே பத்தடி தேய்ந்து போயிற்று. அவனுக்கு முழங்கால் தோல் உரிந்தது, முழங்கை வீங்கியது. அதோடு போயிருந்தால் யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள். பெட்டி திறந்து குழாய்கள் உடைந்துவிட்டன. முப்பத்தொரு பேருக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டியதாயிற்று. அதில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அந்தக் குழந்தையின் அப்பா நேராக மேலிடத்துக்கே போய்க் கத்தினார்.

கொட்டகையில் விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

“லாக் கழண்டிருக்கு” என்றார் கையெழுத்து சார்.

“அக்கா போட்ட லாக் கழலாது சார்” என்றான் ஒருவன்.

“மச்சான் செயினைத் தொங்கத் தொங்க ஓட்டினார். கடகடன்னு சத்தம் கேட்டதே, நாங்கல்லாம் சொன்னோமே” என்றான் இன்னொருவன்.

அது உண்மை. இறுக்கிக்கொண்டு போகச் சொல்லி மீனக்காவே சொல்லியிருந்தாள். இரண்டு வாரமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியிருந்தான். வண்டியைப் பராமரிக்காத ரைடர் என்று எழுதி, அவனை வண்டியிலிருந்து இறக்கி, பெட்டி கழுவும் அறையில் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து முடிவு வரும். பெரும்பாலும் அவனுக்கு இனி வண்டி கிடைக்காது என்று கையெழுத்து சார் சொன்னார். பதினான்கு வருடம் ரைடராக இருந்தவன். வண்டி இல்லாமல் அவனுக்கு நடக்கவே தெரியாது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அன்று சாயங்காலம் அவன் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

“இறுக்கிக்கங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

“நாலு.”

“எண்ணத் தெரியுது. காதுல போட்டுக்கத் தெரியலை.”

“காதுல போட்டேன். நேரம் கிடைக்கலை. ஸ்ஸ்... மெதுவா.”

“எட்டு வருஷத்துல என் லாக் ஒண்ணு கழண்டதில்ல. உங்க வண்டியிலதான் கழலணுமா?”

“உன் லாக்கை இப்ப யாரு குறை சொன்னா? எல்லாரும் என்னைத்தானே சொல்றாங்க. நீயும் சொல்லிட்டுப் போ, குறை எதுக்கு.”

பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். “அம்மா, அப்பாவுக்கும் ஒரு கிளிப் போட்டு விடு. விழாம இருப்பார்.”

அவன் சிரித்தான். மீனக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அவன் மேல் உண்மையாகவே கோபம். தன் லாக் மேல் அவளுக்குத் துளி சந்தேகம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை, விழுந்த வண்டியைச் சரி செய்ய உட்கார்ந்தாள். மேல்மூடி நசுங்கியிருந்ததால் சட்டத்தையும் மூடிகளையும் முழுசாகக் கழற்றிப் போட்டிருந்தாள். அந்த ஒன்பதில் ஒன்றை அவள் இப்படி அம்மணமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எஞ்சின் மூடியை மாற்றி, புதுச் செயின் போட்டு, இந்த ஒன்பது வண்டிக்கும் செய்த பழக்கத்தில் கீழேயே லாக்கைச் சேர்த்து, தலையை முன்பக்கம் வைத்து, தட்டி, எண்ணெய் விடுவதற்காகச் சக்கரத்தைச் சுற்றினாள்.

லாக் பின்பக்கமாகப் போய், பெரிய பல்சக்கரத்தைச் சுற்றி, மேலே வந்தது. மீன் தலை பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

‘அட, மாத்திப் போட்டுட்டேனே’ என்று நினைத்தாள். சக்கரத்தைத் திருப்பி லாக்கைக் கீழே கொண்டுவந்து பார்த்தாள். தலை முன்னால்தான் இருந்தது. சரியாகத்தானே இருக்கிறது! மறுபடியும் சுற்றினாள். மேலே வந்ததும் வால் முன்னே, தலை பின்னே. கிளிப்பைக் கழற்றித் துடைத்துக் கீழே வைத்தே மறுபடி போட்டாள். மறுபடி சுற்றினாள். மறுபடியும் அதே கதை.

மூன்றாவது தடவை அவள் சக்கரத்தை மெதுவாக, ஒவ்வொரு பல்லாக நகர்த்தினாள். அப்போதுதான் உறைத்தது. செயினின் மேல்பக்கம் முன்னோக்கி ஓடுகிறது. கீழ்ப்பக்கம் பின்னோக்கி ஓடுகிறது. சுற்றி வருகிற எதுவும் அப்படித்தானே? பழைய வண்டிகளில் அவள் எப்போதும் மேலே லாக் போட்டாள். அங்கே வண்டிக்கு முன்பக்கமும் செயின் ஓடும் பக்கமும் ஒன்றுதான். கீழே போடும்போது அவை இரண்டும் நேர் எதிர். அவள் முன்னால் என்றது வண்டிக்கு. மீனுக்கு அது பின்னால். ஓட்டை வழியாக மாதாமாதம் பார்த்ததும் கீழேதான் என்பதால் தப்பு ஒவ்வொரு முறையும் சரியாகவே தெரிந்திருக்கிறது.

“ஏங்க, கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டாள். கழுவும் அறையிலிருந்து கணவன் ஈரக் கையுறையோடு வந்தான்.

“இந்த மீன் எந்தப் பக்கம் போகுது?”

“முன்னால.” அவள் சக்கரத்தைச் சுற்றினாள். “இல்ல... பின்னால. என்ன இது, வாலை முன்னால விட்டு நீந்துது?”

“உங்க வண்டியிலயும் இப்படித்தான் போட்டேன்.”

அவன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “பேசாம இரு. வண்டிங்க ஒண்ணொண்ணா உள்ள வரும்போது மாத்திடு. பெட்டி கழுவுறது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. உன் பேரு போனா திரும்ப வராது.”

“எட்டு வண்டி இப்ப ரோட்டுல இருக்குங்க.”

“நாலு மாசமா ஓடுதே.”

“உங்களுதும் நாலு மாசம் ஓடிச்சு.”

அவன் ஈரக் கையுறைகளைக் கழற்றினான்.

அவள் கையைக்கூடத் துடைக்காமல் கையெழுத்து சாரின் அறைக்குப் போனாள். “சார், மூடி போட்ட எட்டு வண்டியையும் உடனே நிறுத்தச் சொல்லுங்க. லாக் எல்லாம் தலைகீழா இருக்கு. நான்தான் போட்டேன். அவர் மேல தப்பில்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, புருஷன் மேல இருக்கிற பாசம் புரியுது. நாளைக்கு முடிவு வருது, இன்னைக்கு வந்து பழியை நீங்க ஏத்துக்கிறீங்க. நல்ல மனசு. ஆனா நான் இதை எப்படி எழுத?”

நல்ல பேர் எடுப்பதில் இப்படியும் ஒரு தொல்லை இருக்கிறது. தப்பு செய்தேன் என்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

“பாசத்துக்கு வேற நேரம் இருக்கு சார். எழுந்து வந்து ஒரு தடவை சக்கரத்தைச் சுத்துங்க.”

“எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்.”

“எழுதித் தரேன், கையெழுத்தும் போட்டுத் தரேன். முதல்ல வாங்க.”

வந்தார். லாக்கின் மேல் அவள் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வெள்ளைக் கோடு போட்டாள். அவர் முழுக்கைச் சட்டையோடு குனிந்து சக்கரத்தைச் சுற்றினார். கோடு கீழே போயிற்று, பின்னால் போயிற்று, மேலே வந்தது. இன்னொரு முறை சுற்றினார். சட்டைக் கையில் எண்ணெய் அப்பியதை அவர் கவனிக்கவில்லை. தாளைத் தேடாமல் போனை எடுத்தார்.

ஏழு பேர் எடுத்தார்கள். சந்தேகம் என்ற அந்த ரைடர் காரணம்கூடக் கேட்காமல் வண்டியை ஓரங்கட்டினான். இரண்டு பேர் “மச்சானுக்காக அக்கா நாடகமா?” என்று சிரித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். எட்டாவது ஆள் எடுக்கவில்லை. அவன் பெயர் பாட்டு. காதில் எப்போதும் பாட்டு ஓடும், வேறெதுவும் நுழையாது.

“ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரி. திரும்பும்போது பாலம் இறங்கணும்” என்றார் கையெழுத்து சார்.

மூடி இல்லாத பழைய வண்டி ஒன்று நின்றிருந்தது. யாரும் சொல்லாமலே அவள் கணவன் அதைக் கிளப்பினான். ரைடர் வேலை பறிபோனவன் வண்டி எடுக்கலாமா என்று கையெழுத்து சார் கேட்கவில்லை. கைப்பிடி அளவு புது லாக்குகள், ஒரு இடுக்கி, ஒரு ஸ்பானரோடு மீனக்கா பின்னால் ஏறிக்கொண்டாள்.

பாட்டு ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியை வைத்துக் கட்டிவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் ஒரு காதிலிருந்த இயர்போனைக் கழற்றினான். “என்ன மச்சான், அக்காவோட ஜோடியா? ஊர் சுத்தவா?”

மீனக்கா அவன் வண்டிச் சாவியை உருவிக்கொண்டாள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ரப்பர் அடைப்பைப் பிடுங்கி, கணவனைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தாள். லாக் வந்தது. மீன் இல்லை. எப்போதோ எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. தகடு மட்டும் ஊசி நுனியில் பாதி வெளியே வந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. விரல் நுனியால் தொட்டாள். கையோடு வந்துவிட்டது.

பாட்டு அந்தத் தகட்டைப் பார்த்தான். “காலையில நான் இதோடவா பாலம் இறங்கி வந்தேன்?” என்றான். பிறகு மெல்ல நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டான். இன்னொரு காதிலிருந்ததையும் கழற்றிவிட்டான்.

மதியத்துக்குள் எட்டு வண்டியிலும் லாக்கை மாற்றிவிட்டார்கள். கணவன் ஓட்ட, அவள் ஒவ்வொரு தெருவோரமாகக் குனிந்து குனிந்து. இன்னொரு வண்டியில் கிளிப் பாதி நகர்ந்திருந்தது. மற்ற ஆறும் அசையவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. தப்பாகப் போட்டும் ஆறு வண்டி சரியாக ஓடியிருக்கிறது. இப்படி ஓடினால் எவன் சந்தேகப்படுவான்?

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. கணவனுக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. செயினைத் தொங்கவிட்டதற்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மீனக்காவுக்கு ஒரு கடிதம். கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துப் போட மறுத்தாள்.

“ஏம்மா, நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?”

“தப்பை ஒத்துக்கிட்டேன். கவனக்குறைவு இல்ல சார். ரொம்பக் கவனமாத்தான் தப்பா மாட்டினேன். ஒன்பது வண்டியிலயும் ஒரே மாதிரி.”

கையெழுத்து சார் யோசித்தார். அந்த வார்த்தையை அடித்துவிட்டு, தவறான முறை என்று எழுதினார். அவள் போட்டுக் கொடுத்தாள்.

மூடி போட்ட ஒன்பது வண்டிக்கும் இனி ஊசி முனையை நசுக்கி அடிக்கிற லாக்தான் என்று முடிவாயிற்று. உள்ளே கண் போகாத இடத்தில் கழலக்கூடிய ஒன்றை வைக்கக் கூடாது என்று அவளே எழுதிக் கேட்டாள். அதை அழுத்துகிற கருவி வந்தபோது முதல் இரண்டு லாக்கையும் அதிகமாக அழுத்திக் கண்ணியை மடங்கவிடாமல் செய்துவிட்டாள். மூன்றாவது சரியாக வந்தது. திறந்த செயின் வண்டிகளுக்குப் பழையபடி கிளிப்தான். ஆனால் எந்த லாக்கானாலும் வண்டியை எடுக்கிற ரைடர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. கையெழுத்து சாருக்கு அன்று மனசு நிறைந்திருக்கும்.

இரண்டு ரைடர்கள் அதற்குப் பிறகு செயின் வேலைக்குத் தெருமுனைக் கடைக்குப் போனார்கள். அவளுக்கு வலித்தது. வீட்டில் இரண்டு நாள் பாத்திரம் சத்தமாக விழுந்தது. “விடு, அவனவன் உயிர் அவனவனுக்கு” என்றான் கணவன். “அதைத்தானே நானும் சொல்றேன்” என்றாள் அவள், எதற்கு என்று தெரியாமல்.

அடுத்த வாரம் பாட்டுவின் வண்டிக்கு லாக் அடித்து முடித்தாள். அவன் வந்து, தாளில் கிறுக்கிவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினான்.

“பார்த்தியா?”

“நீங்க போட்டதுதானேக்கா.”

“நான் போட்டது ஒண்ணு ஆஸ்பத்திரி வாசல்ல கையோட வந்துச்சு. நீதான் பார்த்துட்டு உட்கார்ந்தே.”

“அது கிளிப்பு. இது அடிச்சதாச்சே.”

“அடிச்சதும் நான்தான்டா. குனி.”

“பார்த்தா எனக்கென்னக்கா தெரியும்?”

“தெரியலைன்னா கேளு. ரெண்டு ஊசி முனையும் பூ மாதிரி விரிஞ்சிருக்கணும், வெடிச்சிருக்கக் கூடாது. கண்ணி ரெண்டு பக்கமும் மடங்கணும்.” சாவியை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். “மூடியை நான் இன்னும் மாட்டலை. நீ பார்க்கிற வரைக்கும் மாட்டப் போறதும் இல்ல.”

அவன் அலுத்துக்கொண்டே முட்டி போட்டு உட்கார்ந்து, சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.